பஞ்சலிங்கத்தின் ஏழாவது பெட்டி

மானிப்பாயில் வெறும் பஞ்சலிங்கம் என்று விசாரித்தால் வேறு இரண்டு பேருடைய வீட்டைக் காட்டுவார்கள். 'தந்திப் பஞ்சலிங்கம்' என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தந்திக் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் குந்தியிருந்து, ஊருக்கு வரும் கல்யாணத்தையும் சாவையும் எல்லாருக்கும் முதலில் கேட்டவர் அவர். கட்டை ஒலியும் நெட்டை ஒலியுமாக டக்கு டக்கென்று வருவதை அவருடைய காது எழுத்தாக்கிவிடும். ஒரு தட்டுத் தவறினால் செவ்வாய்க்கிழமை வரவேண்டியவர் வியாழக்கிழமை வருவார். வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருப்பார்கள். பஞ்சலிங்கத்தின் கையால் அப்படி ஒரு சமையலும் வீணாகவில்லை. அது அவருக்குப் பெரிய பெருமை. கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

அந்த வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. செய்தி முழுதாக வந்து சேர்ந்ததும் 'கிடைத்தது' என்று திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அந்தப் பக்கத்தில் இருப்பவன் தந்தி தட்டும் சாவியில் விரலை வைத்தபடி காத்துக்கொண்டே இருப்பான். பஞ்சலிங்கம் ஒருவரையும் அப்படிக் காக்க வைத்ததில்லை. அதாவது, கந்தோரில்.

வீட்டில் அவருக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கென்று தன் கையாலேயே பெட்டி கட்டுவார். ரேடியோவிலிருந்தோ ஒலிநாடா ஓடும் ரேப் றெக்கோடரிலிருந்தோ வரும் மெல்லிய ஒலியை வாங்கிப் பெருப்பித்துக் காதுக்குள் விடும் பெட்டி. ஸ்பீக்கரில் கேட்பது சந்தையில் நின்று கேட்பது மாதிரி, ஹெட்போனில் கேட்பதுதான் கேட்பது என்பது அவருடைய கட்சி. நெல்லியடியில் இருந்து கல்யாணம் முடித்து வந்த பாலேஸ்வரி ஏழு வருடம் அவருக்கு எதிர்க்கதிரையில் குந்தியிருந்து, அவருடைய தலை தாளத்துக்கு ஆடுவதைப் பார்த்தாள். ஒருநாள் தானும் கேட்க வேண்டும் என்றாள். மாட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கேட்டாள், நல்லாயிருக்கு என்றாள், கழற்றிக் கொடுத்துவிட்டாள். இதைப் போட்டால் நீங்கள் கதைப்பது எனக்குக் கேட்காதே என்றாள். அவளுக்கு ரசனை இல்லை என்று பஞ்சலிங்கம் முடிவு கட்டினார். அவள் சொன்னதன் பொருள் அந்த ஏழு வருடத்தில் அவருக்கு ஏறவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. அந்த வீட்டில் பேச்சுக்கு இருந்தது அவர்கள் இரண்டு பேரும்தான், அதில் ஒருவருடைய காது எப்போதும் மூடியிருந்தது.

அறுபத்தைந்தாம் ஆண்டு பங்குனி மாதம் பாலேஸ்வரியின் தாய்க்கு மூட்டு வருத்தம் கூடிவிட்டது. அவள் நெல்லியடிக்குப் போய் ஒரு மாதம் நின்று பார்த்துவிட்டு வருவதென்று பேச்சு. பஸ் நிற்கும் இடம் வரை வந்து ஏற்றிவிடுவதாகப் பஞ்சலிங்கமும் ஒத்துக்கொண்டிருந்தார். அன்று காலை பார்த்தால், ரேடியோவில் அரை மணி நேரம் நாதஸ்வரக் கச்சேரி என்று அறிவித்துவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கவா முடியும்? ரேடியோவுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினார். வல்வெட்டித்துறையில் கப்பலுக்குப் போய்வந்த ஒருவரிடம் வாங்கிய ரேப் றெக்கோடரைச் சுழலவிட்டார். பதிவு சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தான் கட்டிய முதலாவது பெட்டியில் ஹெட்போனைச் செருகிக் காதில் மாட்டினார். வீட்டில் ஒரு ஊசியும் விழக்கூடாது.

முதல் உருப்படி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி. சுருதி பிடிக்கும் ஒத்துக் குழல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பாலேஸ்வரி சீலையும் மாற்றிச் சூட்கேசுமாக வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னாள். பஞ்சலிங்கம் திரும்பாமலே கையைத் தூக்கிப் 'பொறு' என்று காட்டினார். ஹெட்போனுக்குள்ளால் அவருக்குக் கேட்டது ஒரு சொல்.

'போறன்.'

கச்சேரி முடிந்து அவர் திரும்பியபோது வாசலில் ஆள் இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் முற்றம் தாண்டி அடுத்த வீட்டில் ஒரு பிடி உப்பு வாங்கப் போனாலும் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்லுவார். 'போறன்' என்ற சொல்லை எடுப்பவர்கள், சண்டை கொழுவி முறித்துக்கொண்டு வாசல் படலை தாண்டுபவர்கள். அல்லது ஒரேயடியாகப் போகிறவர்கள். நிற்கிறவரும் சும்மா இருக்கக் கூடாது. 'ஓம், போட்டு வா' என்று சம்மதம் சொல்லி அனுப்ப வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏழு வருடம் வாழ்ந்தவள் இப்படி ஒரு சொல்லைச் சொல்லிப் போட்டாளே என்று பஞ்சலிங்கத்துக்கு நெஞ்சு கொதித்தது. பஸ்ஸுக்கு வராததற்காக இவ்வளவு கோபமா? போறன் என்றவளை நான் ஏன் கூப்பிட வேண்டும் என்று இருந்துவிட்டார்.

ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. தாய் வீட்டுக்குப் போன பெண்ணைப் புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போவதுதான் முறை, அவள் அங்கே அதைப் பார்த்திருந்தாள். சொன்ன சொல்லை அவள் வந்து திருப்பி எடுக்கட்டும் என்று இவர் இங்கே பார்த்திருந்தார். நடுவில் பதினாறு பதினேழு மைல்தான். மூன்றாம் மாதம் அவளுடைய தமையன் கனகலிங்கம் வந்தான். நல்ல மனுஷன், சண்டைக்கு வரவில்லை.

"மச்சான், அவள் போட்டு வாறன் எண்டுதான் சொன்னவளாம். ஒருக்கா வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

பஞ்சலிங்கம் ரேப்பைப் போட்டு ஹெட்போனை அவனுடைய தலையில் மாட்டினார். "மெசின் பொய் சொல்லாது. நீரே கேளும்" என்றார். கனகலிங்கம் மூன்று தரம் கேட்டான். நாலாம் தரம் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுத்தான். தந்திக்காரர் வழக்கில் வென்றுவிட்டார். வென்றவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று சொல்லி வைத்தவர்கள் ஹெட்போனை அறியமாட்டார்கள். ஆனாலும் அறிந்தவர்கள் மாதிரித்தான் சொல்லியிருக்கிறார்கள். ரேப்பில் இருப்பது ஒன்று, பெட்டி காதுக்குத் தருவது இன்னொன்று. பஞ்சலிங்கத்துக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். முதலாவது பெட்டி வால்வுப் பெட்டி. அதில் ஒலியை வடித்து விடும் கொண்டென்சர்களாக, மெழுகுத்தாள் சுற்றிய பழையவற்றைப் போட்டிருந்தார். நாதஸ்வரம் அதில் கூழ் மாதிரித் தடிப்பாக, இதமாக வரும். ஆனால் கரண்டின் ரீங்காரம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், 'ட்', 'ச்' போன்ற கூரான எழுத்துகளின் முனையும் மழுங்கிப் போகும். போட்டு வாறன் என்பதில் நடுவில் இருக்கும் 'ட்டு' மழுங்கி, 'வா' ரீங்காரத்துக்குள் அமிழ்ந்தால் மிச்சம் என்ன? அந்த எண்ணம் வந்த அன்றே அதை விரட்டினார். தன்னுடைய காது பிழைக்காது என்பதை நிரூபிக்கத்தான் இரண்டாவது பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

அது ரான்சிஸ்டர் பெட்டி. பற்றரியில் ஓடுவதால் ரீங்காரம் போய்விட்டது. அதற்குப் பதிலாகச் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு இரைச்சல் வந்து குந்திக்கொண்டது. அந்தக் காலத்து ஜேர்மானியம் ரான்சிஸ்டருக்கு வெயிலும் ஆகாது. விடியற்காலையில் ஒரு குரல், மத்தியானத்தில் கரகரத்து இன்னொரு குரல். காலையில் பாலேஸ்வரி ஏதோ நீளமாகச் சொன்ன மாதிரி இருக்கும். மத்தியானம் அவளே தொண்டை அடைத்துப் 'போறன்' என்பாள். ஒரே மனுஷியை ஒரே நாளில் இரண்டு விதமாகக் கேட்டுவிட்டு எதை நம்புவது?

அடிக்கடி போட்டால் ரேப் தேய்ந்துவிடும் என்று பயந்து, பௌர்ணமிப் போயா விடுமுறையில் மட்டும் அந்த இடத்தைப் போட்டார். மாதத்தில் ஒருநாள், ஐந்தாறு தரம். மற்ற நாட்களில் வேறு பாட்டுகளைப் போட்டுப் பெட்டியைத் திருத்துவார். சமையலும் தானே, சாப்பாடும் தானே. இரண்டு கோப்பை வைக்கும் பழக்கம் போக ஒரு வருடம் எடுத்தது.

எழுபதுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிற்று. அரிசிக்கும் சீலைத்துணிக்கும் வரிசையில் நின்ற காலத்தில் கொண்டென்சருக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்தில், கஸ்தூரியார் வீதிக்குப் பக்கத்தில், எல்லாரும் நானா என்று கூப்பிடும் ஹனீபா என்பவர் செத்த ரேடியோக்களைப் பிரித்து விற்கிற கடை வைத்திருந்தார். பஞ்சலிங்கம் வேலை முடிந்ததும் அங்கே போய்க் குந்தி, உதிரிச் சாமான் கிடக்கும் தகரப் பேணிகளைக் கிண்டுவார். கிடைத்ததுதான் கிடைத்தது. மூன்றாவது பெட்டிக்குப் பெரிய கொண்டென்சர் வேண்டியிருந்தது, அகப்பட்டது சின்னது. அதைப் போட்டதும் தவிலுக்கு வயிறே இல்லாமல் போயிற்று. பாலேஸ்வரியின் குரல் எறும்பு கதைக்கிற மாதிரி வந்தது. ஆனால் அந்தப் பெட்டியில்தான் முதன்முதலாக, 'போ'வுக்கும் 'றன்'னுக்கும் நடுவில் ஒரு 'ட்' கேட்டது. சூட்கேசின் பூட்டாகவும் இருக்கலாம். நாலாவது பெட்டிக்குப் பெரிய கொண்டென்சர் கிடைத்தது. உள்ளே காய்ந்துபோன கிழட்டுச் சாமான். தவில் திரும்பி வந்தது, 'ட்' போய்விட்டது. ஐந்தாவதில் வில்லை மாதிரியான பீங்கான் கொண்டென்சர்களைப் போட்டார். எல்லா எழுத்தும் கூராகி, கண்ணாடித் துண்டு போல் காதைக் கீறியது. மேசையில் விரல் பட்டாலே பெட்டி கிணுங்கியது. பாட்டு ஒன்றுதான், ரேப் ஒன்றுதான். புளியங்கொட்டை அளவு சாமானை மாற்ற மாற்ற, அவருடைய பெண்சாதி ஒரு போயாவில் முறித்துக்கொண்டு போனாள், அடுத்த போயாவில் சொல்லிக்கொண்டு போனாள்.

"ஐயா, உந்த நாதஸ்வரத்தைக் கேக்கிறதுக்கோ இவ்வளவு பாடு?" என்று ஹனீபா ஒருநாள் கேட்டார்.

"ஓம் நானா, நாதஸ்வரந்தான்" என்றார் பஞ்சலிங்கம். அந்தக் கடையில் அவர் சொன்ன ஒரே பொய் அது. உண்மையைச் சொல்லுகிற அளவுக்கு அவருக்கு உலகத்தில் ஒருவரும் இல்லை.

ஐந்தாவது பெட்டியை முடித்த வருடம் கந்தோரில் அவருடைய மேசைக்கு நெல்லியடியில் இருந்து ஒரு தந்தி வந்தது. கொழும்பில் இருந்த சித்தப்பா ஒருவருக்குக் கனகலிங்கம் அடித்தது: அம்மா காலமானார், உடனே வரவும். பஞ்சலிங்கம் அதை எழுத்துப் பிசகாமல் எடுத்து, 'கிடைத்தது' என்று திருப்பித் தட்டி, கொழும்புக்கு அனுப்பினார். பிறகு தன் பெயருக்கு ஒன்று வரும் என்று சாயந்தரம் வரை அந்த மேசையை விட்டு எழும்பவில்லை. வரவில்லை. சொல்லாத சாவுக்கு எப்படிப் போவது என்று போகாமல் விட்டார். மாமியின் சாவீட்டுக்குப் போகாத மருமகன் என்று ஊர் கதைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவரை அரித்தது ஊர்க்கதை அல்ல. அந்தத் தந்தியை அனுப்பும்போது, அந்த வீட்டில் இப்போது பாலேஸ்வரி அழுதுகொண்டிருப்பாள் என்று தெரிந்தும் தன் விரல் தாளம் தப்பாமல் தட்டியதே, அதுதான்.

அன்றிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. அதுவரை தான் வெல்வதற்காகப் பெட்டி கட்டியவர், பிறகு தான் தோற்க வேண்டும் என்று கட்டினார். ஆறாவது பெட்டியும் உதவவில்லை. அதில் பழைய கரி றெசிஸ்டர்கள் நெருப்பில் உப்புப் போட்ட மாதிரிப் பொரிந்துகொண்டே இருந்தன.

எழுபத்தேழில் ஆட்சி மாறி இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். எழுபத்தொன்பது தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் ஹனீபா ஒரு கடதாசிச் சரையைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தார். கொழும்பில் இருந்து வந்த புதுச் சாமான்: பொலியெஸ்டர் கொண்டென்சர், இரைச்சல் குறைந்த சிலிக்கன் ரான்சிஸ்டர், பொரியாத மெட்டல் றெசிஸ்டர். தகரப்பேணி கிண்டிக் கிண்டி நகம் தேய்ந்த மனுஷனுக்கு ஒரு நல்ல பெட்டி கட்டக் கிடைக்கட்டும் என்று தேடி எடுத்ததாகச் சொன்னார்.

ஏழாவது பெட்டியைக் கட்ட மூன்று கிழமை போயிற்று. போயா வரும் வரை பொறுத்தார். காலை பத்து மணிக்கு ரேப்பைப் போட்டுக் கண்ணை மூடினார்.

ரீங்காரம் இல்லை. இரைச்சல் இருந்தும் இல்லாத மாதிரி. நாதஸ்வரக்காரர் மூச்சு எடுப்பது கேட்டது. முதல் உருப்படி முடிந்தது. ஒத்து மட்டும் நின்றது. வாசலில் செருப்புச் சத்தம், காப்பு உரசும் சத்தம். பிறகு பாலேஸ்வரி, முப்பத்திரண்டு வயதில், பக்கத்தில் நின்று சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்:

"நான் போட்டு வாறன்."

ஒரு எழுத்துக் குறையவில்லை. பஞ்சலிங்கம் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். அந்தச் சொல்லோடு முடியும் என்றுதான் பதினாலு வருடமும் நினைத்திருந்தார். முடியவில்லை. செருப்பு நகரவில்லை, அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்தில்தான் தான் அன்று திரும்பாமல் 'பொறு' என்று கையைத் தூக்கியது என்று அவருக்குத் தெரிந்தது. ஐந்து விநாடி, ஆறு விநாடி. பிறகு, முந்திய ஆறு பெட்டியும் விழுங்கிவிட்ட தாழ்ந்த குரலில், கெஞ்சுகிற மாதிரி:

"ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

இன்னும் நாலு விநாடி நின்றாள். செருப்புச் சத்தம் போயிற்று. படலையின் கொளுக்கி விழுந்தது. அடுத்த உருப்படி தொடங்கியது.

வந்த செய்திக்குத் திருப்பித் தட்டாத தந்திக்காரர் மேசையில் தலையை வைத்து அழுதார். ரேப் ஓடி முடிந்து, அறுந்த பல்லிவால் மாதிரி நுனி அடித்துக்கொண்டு சுழன்றது. நிறுத்த அவருக்குக் கை வரவில்லை.

அடுத்த நாள் லீவு போட்டார். ரேப் றெக்கோடரையும் ஏழாவது பெட்டியையும் ஒரு போர்வையில் சுற்றினார். யாழ்ப்பாணம் போய்ப் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி, நெல்லியடி வரை அந்த மூட்டையை மடியில் வைத்திருந்தார். என்ன சொல்லுவது என்று வழி முழுக்க யோசித்தார். ஒன்றும் ஓடவில்லை. இதைக் கேட்டால் அவளுக்கே விளங்கும் என்று நினைத்துக்கொண்டார். இன்னமும் பெட்டியைத்தான் நம்பினார், பாருங்கள்.

கனகலிங்கம் வேலைக்குப் போயிருந்தான். முன் அறையில் பாலேஸ்வரி தையல் மெசினில் இருந்தாள். தலை நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். அவரைக் கண்டதும் மெசினை நிறுத்தினாள். திகைக்கவில்லை, திட்டவில்லை. வாங்கோ, இருங்கோ என்றாள். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். விருந்தாளிகளுக்கு எடுக்கும் கோப்பையில் கொடுத்தாள். அந்தக் கோப்பையைக் கண்டதும் பஞ்சலிங்கத்துக்குப் பாதி விளங்கிவிட்டது.

"நீர் போட்டு வாறன் எண்டுதான் சொன்னனீர்" என்றார். "நேற்றுத்தான் எனக்குக் கேட்டது." போர்வையை அவிழ்த்து ஹெட்போனை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "எனக்கேன் உது? நான் சொன்னது எனக்குத் தெரியும்தானே."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவள் பழைய கோபத்தைத் தேடி எடுக்கிறவள் மாதிரிக் கொஞ்சம் யோசித்தாள், அது அகப்படவில்லை போலிருந்தது. "அண்ணையிட்டை அண்டைக்கே சொன்னனான். மெசின் பொய் சொல்லாதாம் எண்டு வந்து சொன்னார். பிறகு நான் என்னத்தைக் கதைக்கிறது? ரெண்டு வருசம் பஸ் வாற நேரமெல்லாம் படலையைப் பாத்தனான். பிறகு விட்டிட்டன்."

வீட்டுக்கு வாருமன் என்று கேட்டார். அதைக் கேட்கத்தானே அவ்வளவு தூரம் வந்தது. அவள் மெசினில் இருந்த துணியைக் காட்டி, பெரியபிள்ளையான ஒரு பிள்ளையின் சாமத்தியச் சட்டை, வெள்ளிக்கிழமைக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்று அவர் கேட்கத் தொடங்கி, அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். தேத்தண்ணி ஆறும் வரை இருந்தார். பிறகு ஹெட்போனின் வயரைச் சுற்றி, எல்லாவற்றையும் போர்வைக்குள் வைத்துக் கட்டினார்.

வாசலில் வந்து நின்று திரும்பினார். மூட்டை கனத்தது.

"நான் போட்டு வாறன்."

பாலேஸ்வரி நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். பஞ்சலிங்கம் செருப்பை நகர்த்தாமல் நின்றார். ஐந்து விநாடி, ஆறு விநாடி. எண்ணப் பழகிய மனுஷன், எண்ணிக்கொண்டே நின்றார்.

அவள் தலையை நிமிர்த்திக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஓம்" என்றாள். "போட்டு வாங்கோ."

குரலில் குத்தல் இல்லை. எவருக்கும் சொல்லுகிற மாதிரி, முறையாக, எழுத்துக் குறையாமல் சொன்னாள். அவர் படலையைச் சாத்தி, கொளுக்கியைத் தானே போட்டார். பஸ் நிற்கும் இடம் வரை நடந்து வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. போட்டு வாறன் என்று சொன்னால், வேண்டியவர்கள் எப்ப வருவியள் என்று கேட்பார்கள். அவள் கேட்கவில்லை.